பதினேழாவது மரம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் வேலையும் ஒரு மூக்கைப் பற்றியதுதான். லாட மூக்கு வவ்வால் என்று ஓர் இனம். முகத்தின் நடுவில் குதிரை லாடத்தை ஒட்டியது போலத் தோல் மடிப்பு, உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு எடை. அது குட்டி போட்டு வளர்க்கும் இடங்கள் என்று எங்களுக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று மிஞ்சியிருந்தன. அதில் ஒன்று கால்வாயோரம் ஓட்டம் நின்றுபோன பழைய பம்ப் ஹவுசின் கூரைக்கு அடியில். நாற்பத்து மூன்று தாய்கள். பொழுது சாய்ந்ததும் உடைந்த சன்னல் வழியாக வெளியே வந்து, எங்கேயோ போய்ப் பூச்சி பிடித்துவிட்டுக் குட்டிகளிடம் திரும்பும். அந்த 'எங்கேயோ' எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பம்ப் ஹவுசிலிருந்து ஏரிக்கரைக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கால்வாயை ஒட்டி நிற்கும் முப்பத்தாறு மரங்களின் வரிசை. இன்னொன்று சாயப்பட்டறைகளின் முதுகுப்புறமாக ஓடும் சாக்கடை. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் நடக்க வெளிச்சமான பாதை ஒன்று வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கைதான், நானும் அந்த இருட்டில் இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். பாதையை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை. மரவரிசையில் போட்டால் மரங்கள் போகும். சாக்கடை மேல் போட்டால் அதற்குக் கான்கிரீட் மூடி வரும். எந்தப் பக்கம் என்றாலும் விளக்கு வரும். எங்கள் வவ்வால் வெளிச்சத்தைத் தாண்டாது. போகிற வழியில் நாலு விளக்கு எரிந்தால் கூரைக்குள்ளேயே தொங்கிக்கிடக்கும், பால் வற்றும், குட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும். இன்னோர் ஊரில் அப்படி விழுந்ததை நான் பெருக்கி அள்ளியிருக்கிறேன்.

"ரெண்டுல ஒண்ணை இருட்டா விட்டுடறோம். எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குள்ள சொல்லணும்" என்றார் சாலை இன்ஜினியர். நல்ல மனிதர்தான், அவசரக்காரர்.

பதில் சொல்ல எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டேக். மற்ற இரண்டும் பழுது. வவ்வாலின் முதுகில் ஒட்டும் அந்தக் குட்டி ரேடியோவை நாங்கள் பருப்பு என்போம், அளவு அவ்வளவுதான். பின்னால் மயிரிழை போல ஓர் ஆன்டெனா தொங்கும். அது பன்னிரண்டு நாள் 'டிக், டிக்' என்று கத்திவிட்டுச் செத்துப்போகும். முதுகு முடியைக் கத்தரித்து, பசை தடவி, பருப்பை வைத்து, பத்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் இருபது பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன்.

டேக் ஒட்ட ஒரு வவ்வாலைப் பிடித்த சாயங்காலம் பம்ப் ஹவுஸ் வாசலில் எனக்கு டார்ச் பிடித்தவர் என் அக்காவின் கணவர். முன்பு அங்கே மோட்டார் ஓட்டினார், இப்போது அந்தக் காலிக் கட்டிடத்துக்குக் காவல். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அக்காவைக் கல்யாணம் செய்தவர், ஆகையால் ஐம்பத்திரண்டு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். அக்காவுக்கு நினைவு கலைந்து, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த பிறகு, மாமா வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பம்ப் ஹவுசின் மூலையறைக்கே குடிவந்துவிட்டார். தொல்லை விட்டது என்று ஒதுங்கிவிட்டார் என நான் நினைத்தேன். நினைத்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

"அக்காவைப் பார்த்து எத்தனை மாசமாச்சு மாமா?"

"வெளிச்சம் இப்படிக் காட்டட்டுமா பாப்பா?"

"பேச்சை மாத்தாதீங்க. இல்லத்துல ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எட்டு மாசமா உங்க கையெழுத்தே இல்ல."

"ம்."

"ம்-முன்னா என்ன அர்த்தம்? நாப்பது வருஷம் ஆக்கிப்போட்ட கை அது. ஒரு எட்டு வந்து பார்த்தா உங்க தலைக் கிரீடம் இறங்கிடுமா?"

அவர் தலையில் கிரீடம் இல்லை, ஒரு கம்பளிக் குல்லாதான் இருந்தது. அதைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு குத்துக்கல்லாக நின்றார். என் கைக்குள் வவ்வாலின் நெஞ்சு படபடத்தது. கோபத்தில் எனக்குக் காலம் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், பார்த்ததாக நினைத்தேன். "போதும், தலையைக் குனிங்க" என்றேன். பறப்பதற்கு முன் அது எதையாவது பற்றித் தொங்க வேண்டும், கம்பளி அதற்குத் தோது. குல்லாவில் வைத்ததும் அது மடிப்புக்குள் தலையை நுழைத்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, பிறகு அந்தி வெளிச்சத்தில் மறைந்து போயிற்று.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாட்களைப் போல என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

நான் தபால் அலுவலக மொட்டை மாடியில் நிற்பேன். என் சக ஊழியன் தண்ணீர்த் தொட்டி மேல் நிற்பான். உயரம் அப்படி, ஆகையால் அவனுக்கு ஏணி என்று பெயர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருவரும் கையிலிருக்கும் ஆன்டெனாவைச் சுழற்றிச் சத்தம் எந்தத் திசையில் பலமோ அந்தத் திசையைக் குறிப்போம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் அவள் இருக்கிறாள். அவளுக்கு மகராசி என்று பெயர் வைத்தோம். பகலெல்லாம் பம்ப் ஹவுசுக்குள் இருப்பாள். பொழுது சாய்ந்து இருபது நிமிடத்தில் கிளம்புவாள். சாக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மரவரிசையின் ஓரமாகவே, ஒரு மரத்தைக்கூட விடாமல், பதினேழாவது மரம் வரை வருவாள். அங்கே ஒரு மணி நேரம். பிறகு வந்த வழியே திரும்பி வீடு. ஒன்பது நாளும் இதே கதை, அச்சுப் பிசகாமல்.

"மேடம்," என்றான் ஏணி மூன்றாம் நாள், போனில். "இது ரொம்ப மெதுவாப் போகுதே. பறக்குதா, நடக்குதா?"

"இலையை ஒட்டிப் பறக்கிற இனம்டா இது. நின்னு நிதானமாப் பூச்சி பொறுக்கும். உனக்கு என்ன பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

அவன் போனை வைத்துவிட்டான். என்னிடம் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை, அது என் தப்பு.

பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவேன். காதுக்குள் 'டிக், டிக்' ஓயாது. தூக்கம் எங்கே முடிகிறது, சத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கனவில் நான் கால்வாய்க்கு மேலே போய்க்கொண்டிருப்பேன். இடது தோளில் இலைகள் பட்டும் படாமலும் இருக்கும். தண்ணீர் கீழே கறுப்பாகச் சத்தமில்லாமல் கூடவே வரும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு வாசனை, எண்ணாமலே பதினேழு வந்துவிடும். அங்கே நின்று அவள் எதையோ பார்ப்பாள். எதை என்று நானும் அவள் தலையோடு தலை வைத்து எட்டிப்பார்க்கும் நேரத்தில் விழித்துக்கொள்வேன். ஒன்பது நாளும் அந்த இடத்தில்தான் விழிப்பு வந்தது. எரிச்சலாக இருக்கும், மறுபடி தூங்கப் பார்ப்பேன்.

ஒரு பகல் அந்த மரத்தடிக்குப் போயும் பார்த்தேன். மேற்குப் பக்கத்தில் ஆழமான பட்டை வெடிப்பு, அதில் அந்துப்பூச்சிகள். எதிரே அக்கா இருக்கும் இல்லத்தின் பக்கச் சுவர், மேலே சன்னல்கள். அடியில் மண் மிதிபட்டு வழவழவென்று இருந்தது. யாரோ ஊர்சுற்றிகள் என்று திட்டிக்கொண்டே படம் எடுத்தேன். திரும்பியதும் ஏணியிடம் சொன்னேன்: "என் மாமாவைவிட இந்த வவ்வாலுக்கு என் அக்கா மேல பாசம் அதிகம்." அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை அறிக்கை தயாராகிவிட்டது. 'இவ்விலங்கு பதினேழாம் மரத்தின்பால் மிக உயர்ந்த இடப்பற்று கொண்டுள்ளது' என்று நானே எழுதிய வாக்கியத்தை மூன்று தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன். மரங்கள் பிழைத்தன, வவ்வால்கள் பிழைத்தன, சாக்கடைக்குத்தான் மூடி. நாற்றமும் ஒழியும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. வழக்கமாக அக்காவை ஞாயிறு பகலில்தான் பார்ப்பேன், அன்று முதல் முறையாகப் பொழுது சாயும் நேரத்தில் போனேன். டிக் சத்தத்தை வாங்கும் ரிசீவர், ஆன்டெனாவோடு, பைக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் எனக்குக் கை ஒன்று குறைந்தது மாதிரி இருக்கும்.

அக்கா மாடியறையில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்காருவதுதான் அவளுக்குப் பிடிக்கிறது என்றார் நர்ஸ். சன்னலில் இருட்டுதானே தெரிகிறது, இருட்டைக் கண்டால் பயப்படுகிறாளாம். என்னை அவள் டீச்சர் என்பாள். எந்த டீச்சர் என்று கேட்டதில்லை. கண்டிப்பான டீச்சராகத்தான் இருக்க வேண்டும்.

"பரீட்சை எல்லாம் திருத்தியாச்சா டீச்சர்?"

"ஆச்சுக்கா. எல்லாரும் பாஸ்."

பைக்குள் ஆரம்பித்தது. டிக். டிக். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மகராசி வருகிறாள், அக்காவின் சன்னலுக்கு எதிரேயே வருகிறாள். ஒன்பது நாள் கோடுகளாகவே பார்த்தவளை இன்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எழுந்து போய் அறை விளக்கை அணைத்தேன்.

"ஏன் டீச்சர் அணைச்சீங்க?"

"ஒரு விருந்தாளி வர்றா அக்கா. வெளிச்சம்னா கூச்சப்படுவா."

ஆன்டெனாவைச் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன். இடது பக்கம் மெலிந்தது, வலது பக்கம் மெலிந்தது, நேரே பிடித்தால் அலறியது. மேலே தூக்கினேன், சத்தம் குறைந்தது. கீழே சாய்த்தேன், கூடியது. இன்னும் கீழே. சத்தம் தரையிலிருந்து வந்தது. தரையில் கிடக்கும் வவ்வால் என்றால் ஒன்று அடிபட்டது, அல்லது பூனை வாயில் இருப்பது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

பதினேழாவது மரத்தின் மேற்குப் பக்கத்தில், பட்டையில் முதுகைச் சாய்த்து, மாமா நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

"லைட் ஏன் அணைஞ்சிருச்சு பாப்பா? அவளுக்கு என்ன ஆச்சு?"

நான் ஆன்டெனாவை அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்தேன், பிறகு முகத்துக்கு, பிறகு தலைக்கு. ரிசீவர் வீறிட்டது. குல்லாவைப் பிடுங்கி மடிப்பைப் பிரித்தேன். உள்ளே கம்பளி நூலோடு நூலாக, காய்ந்த பசையோடு, பருப்பு உட்கார்ந்திருந்தது.

நான் பத்து நிமிடம் பிடிக்கவில்லை. நாலு நிமிடம்கூடப் பிடித்திருக்க மாட்டேன். ஒன்பது நாள் நான் பின்தொடர்ந்தது, பெயர் வைத்தது, வரைபடம் போட்டது, கனவில் கூடப் போனது எல்லாம் என் மாமாவை. பகலில் குல்லா அவர் அறை ஆணியில் தொங்கியிருக்கிறது. சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு அவர் நடந்து வந்திருக்கிறார்.

"அக்கா நல்லா இருக்கா. நான்தான் அணைச்சேன்" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஏன் மாமா இங்க நிக்கிறீங்க? உள்ள வந்தா என்ன?"

அவர் குல்லாவைக் கையில் வாங்கித் தடவிக்கொண்டே பேசினார். "கடைசியா வந்தப்ப கத்திட்டா. யாரு இந்த ஆளுன்னு. நான்தான் உன் புருஷன்னு சொல்லச் சொல்ல இன்னும் கத்தினா. பயத்துல கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. ரெண்டு நாள் சாப்பிடல. கொஞ்ச நாளைக்கு வராதீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. கொஞ்ச நாள்னா எத்தனை நாள்னு நான் கேட்கல." சன்னலைக் காட்டி, "இங்கேருந்து பார்த்தா அவ தலை தெரியும். பின்னந்தலை. எட்டு மணிக்கு லைட்டை அணைப்பாங்க, நான் போயிடுவேன். இருட்டா இருக்கு பாரு, யாருக்கும் தெரியாது" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பெண்டாட்டி என்னைப் பார்த்துப் பயப்படுறான்னு யார்கிட்ட பாப்பா சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எட்டு மாதம் நான் பேசியதையெல்லாம் எந்த முகத்தோடு திருப்பி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமா என் கையிலிருந்த பருப்பை எட்டிப்பார்த்து, "அப்ப ஒன்பது நாளா நான்தான் வவ்வாலா?" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

சிரிப்பு அடங்கியதும்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர்தான் முதலில் கேட்டார்.

"இங்க வவ்வால் வரலைன்னா மரத்தை வெட்டிடுவாங்க, இல்ல?"

"வெட்டி, விளக்குப் போடுவாங்க."

"உன் ரிப்போர்ட்டுல வருதுன்னுதானே இருக்கு."

"இருக்கு."

"நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவர் கெஞ்சவில்லை. இருக்கிற நிலைமையைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கும் ஆசையாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். அறிக்கை அச்சாகி என் மேசையில் இருந்தது. ஆனால் அந்த நாற்பத்து மூன்றும் நிஜத்தில் எந்த வழியாகப் போகின்றன என்று எனக்குத் தெரியாது. சாக்கடை வழியாகப் போனால், அதற்குக் கான்கிரீட் மூடி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நானாக இருப்பேன். குட்டிகளைப் பெருக்கி அள்ளிய முறத்தின் கனம் என் கைக்குத் தெரியும்.

"நாளைக்கு ஒரு சாயங்காலம் பாக்கி இருக்கு மாமா. கண்ணால எண்ணிப் பார்த்திடலாம்."

டேக் வருவதற்கு முன்னால் எல்லோரும் செய்தது அதுதான். ஆளை நிறுத்தி, காதுக்கு எட்டாத வவ்வால் குரலைக் கேட்கவைக்கும் டிடெக்டரைக் கையில் கொடுத்து, எண்ண வைப்பது. வியாழக்கிழமை பம்ப் ஹவுஸ் சன்னலடியில் ஏணி. இன்னும் இரண்டு இடம், ஆள் நான் ஒருத்தி. அலுவலகத்தில் மற்றவர்கள் விடுப்பில், யாரும் போனை எடுக்கவில்லை. கடைசியில் சாக்கடைக்கு மாமாதான் போனார்.

டிடெக்டரை அவர் கையில் வைத்து, முள்ளை எங்கே நிறுத்துவது என்று காட்டினேன். "நம்ம ஆளு வந்தா குமிழி உடையிற மாதிரிக் கேட்கும். கேட்டதும் தண்ணியைப் பாருங்க. ஒண்ணு போனா ஒண்ணு." ஒன்றுகூட வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அவருடைய மரம் நிற்கும். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் பதினேழாவது மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். என் டிடெக்டர் ஊமையாக இருந்தது. மேலே சன்னலில் விளக்கு எரிந்தது, அக்காவின் பின்னந்தலை கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. அசையாது. எப்போதாவது ஒரு பக்கம் சாயும், அப்போது மனசு திக்கென்று இருக்கும், மறுபடி நிமிரும். கால்வாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் போனது. இலைகள் தூங்கி வழிந்தன. கனவில் அவள் எதைப் பார்த்தாள் என்று எட்டிப்பார்த்தேனே, அது இதுதான். ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றால்தான் தெரியும். என் பக்கம் வந்த வவ்வால்கள், பூஜ்யம்.

ஏணி போன் செய்தான். சன்னலிலிருந்து நாற்பத்து மூன்றும் கிளம்பிவிட்டன. சிறிது நேரத்தில் மாமா வந்தார். கால்சராய் முழங்கால் வரை சேறு, சாயத்தண்ணீரின் நீலம், கிட்டே நிற்க முடியாத நாற்றம்.

"நாப்பத்தொண்ணு," என்றார். "ரெண்டு என் கண்ணுக்குத் தப்பியிருக்கும்."

நான் அந்த எண்ணை என் நோட்டில் எழுதினேன்.

"தண்ணியைத் தொடுற மாதிரி, இவ்வளவு உயரத்துல, ஒண்ணு பின்னால ஒண்ணு. அந்த நாத்தத்துல அவ்வளவு கொசு, அவ்வளவு பூச்சி, எல்லாத்தையும் வழியிலேயே பொறுக்கிக்கிட்டே போகுது. எங்கேயும் நிக்கல. அவசரம், குட்டிங்க காத்திருக்கும்ல?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுகூட இல்லேன்னு சொல்லணும்னுதான் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்தேன் பாப்பா. வாய் வரல."

பிறகு என் பக்கத்தில் நின்று எட்டு மணி வரை சன்னலைப் பார்த்தார். நான் கொஞ்சம் நகர்ந்து அவர் இடத்தை அவருக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் என் வரைபடத்தை நானே எழுந்து நின்று தப்பு என்றேன். ஏன் தப்பு என்றும் சொன்னேன், மாமா யாருக்காக நின்றார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அறையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஒன்பது நாள் ஒரு வாட்ச்மேனையா மேடம் துரத்தினீங்க?" என்று இன்ஜினியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏணிகூடத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான், அவனுக்கு அதற்கு உரிமை உண்டு. சிரித்து முடித்து, சாக்கடைக்கு மூடி வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள். பாதை மரவரிசையில். மரங்களை அவற்றுக்காகவே விடச் சொல்லி வாதாடினேன். ஒரு பக்கமாவது நிற்கட்டும் என்று மன்றாடினேன். "உங்க பருப்பு இன்னிக்கு வேகாது மேடம்" என்றார் இன்ஜினியர், பகையில்லாமல். பாதை ஆறடி அகலம் வேண்டுமாம். ஒன்றிலிருந்து இருபது வரை போயின, மீதி பதினாறு மட்டும் தப்பித்தன.

அந்த வருடம் குட்டிகள் ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. கூரைக்கடியில் போய் நான் எண்ணினேன், தாய்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று. இறங்கி வந்து மாமாவிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார், நிஜமாகவே சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் இல்லத்துப் பக்கம் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. "பளிச்சுனு இருக்கு பாப்பா. அதுல போய் நின்னா துணியில்லாம நிக்கிற மாதிரி இருக்கு. போற வர்ற பொண்ணுங்க என்ன நினைப்பாங்க?" பகலெல்லாம் குல்லா தொங்கிய ஆணியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். என்னால் அந்த அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

ஞாயிறு பகலுக்குப் பதிலாக நான் சாயங்காலங்களில் அக்காவிடம் போக ஆரம்பித்தேன். பாதையில் விளக்குகள் வந்த பிறகு அக்கா நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். யாரும் திருப்பவில்லை, அவளே திருப்பிக்கொண்டாள் என்றார் நர்ஸ். இப்போது அங்கே பார்க்க ஏதோ இருந்தது. ஷிப்ட் முடிந்து பெண்கள் பேசிக்கொண்டே போவார்கள். அக்கா ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை சொல்வாள். அவள் குரல் தாலாட்டு போல மெதுவாக வரும், எனக்குப் பாதியிலேயே கண் செருகும்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் என் கையைத் தட்டினாள்.

"டீச்சர், அங்க ஒரு ஆள் நிக்கிறார்."

எழுந்து பார்த்தேன். விளக்கின் கீழே, ஒளிய இடமில்லாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமா நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், கத்தப்போகிறாள் என்று.

"ரொம்ப நேரமா நிக்கிறார், பாவம்," என்றாள் அக்கா. "யாருக்காகவோ காத்திருக்கார் போல. கால் வலிக்குமே. உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க டீச்சர்."

நான் கீழே போய் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். படியில் அவர் இரண்டு முறை நின்றார். "நான் யாருன்னு சொல்லாத பாப்பா" என்றார். "சொல்லவே மாட்டேன்" என்றேன்.

அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பயம் இல்லை. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் அவள் எப்போதும் காட்டும் மரியாதைதான் முகத்தில் இருந்தது.

"உங்களுக்கு வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க," என்றார் மாமா. "கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"அடடா," என்றாள் அக்கா. தன் நாற்காலியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டு, சன்னலில் அவருக்கும் இடம் விட்டாள்.